கரிசக்காட்டுல கோர்ட் போட்ட கதை, ரெண்டு தடவ

நாங்க போட்ட மொதல் பேஸ்கட்பால் கோர்ட்டுல மொதல் பெரிய மழ பேஞ்ச மறுநாள் காலைல போய்ப் பாக்குறேன், ஃப்ரீ த்ரோ லைன் பக்கத்துல ஒரு நாய் தண்ணி குடிச்சிட்டிருக்கு. சும்மா நக்கல, நின்னு நிதானமா குடிக்குது, அவ்வளவு தண்ணி. திறப்பு விழா முடிஞ்சு இருவது நாள்கூட ஆகல, கட்டுன தோரணமே இன்னும் அவுக்கல. அன்னிக்கு போட்டோ எடுத்து குரூப்ல போட்டா ஒருத்தன் "பரவால்ல மாப்ள, நீச்சலும் கத்துக்கலாம்"னு போடுறான். எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா காசு வசூல் பண்ணவன் நான்.

எங்க ஊரு விருதுநகர் மாவட்டம், சுத்திலும் கரிசல். கரிசல்ல பொறந்து வளந்தவனுக்கு அந்த மண்ணைப் பத்தி யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, ஐப்பசில காலோட ஒட்டிக்கிட்டு செருப்பையே உருவிரும், சித்திரைல வெடிப்புக்குள்ள கைய விட்டா முழங்கை வரைக்கும் போகும். இது தெரிஞ்ச நாங்களே அது மேல ஒண்ணுமே செய்யாம கான்கிரீட் போட்டோம் பாருங்க, அதான் இந்தக் கதை. புதுசா கோர்ட் போடணும்னு அடிக்கடி யாராவது போன் பண்ணி "என்ன சர்ஃபேஸ் நல்லது அண்ணாச்சி"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் பேச முடியல, அதனால எழுதிர்றேன்.

அந்த இடத்துல அப்பா காலத்துல பூப்பந்து ஆடுனாங்க. தஞ்சாவூர்ல பொறந்த ஆட்டம் எங்க ஊர்ப்பக்கமெல்லாம் ஒரு காலத்துல பட்டையக் கிளப்புச்சு, 24க்கு 12 மீட்டர் களம், மஞ்சக் கம்பளிப் பந்து, ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேரு. செம்மண்ணு ரெண்டு டிராக்டர் கொட்டி, தண்ணி தெளிச்சு, கல் உருளைய நாலு பேரு சேந்து இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டா முடிஞ்சது. அப்புறம் அதே செம்மண்ணுல வாலிபால் வந்துச்சு. நாங்க பயலுகளா இருக்கும்போது ஸ்கூல்ல பேஸ்கட்பால் கத்துக்கிட்டு வந்து ரெண்டு இரும்புக் கம்பத்த நட்டோம். அங்கதான் பிரச்சனை ஆரம்பிச்சுது. நேத்து மாடு நடந்த குளம்படில பந்து பட்டா இன்னிக்கு அது வேற திசைக்குப் போகும், பந்த தட்டிக்கிட்டே ஓட, அதான் டிரிப்பிள் பண்ணவே முடியாது.

இப்ப யோசிச்சா சர்ஃபேஸ் தேர்வுல மொதல் கேள்வியே அதுதான், பந்து தரையில பட்டு எழும்பணுமா, படாமலே ஆடுற ஆட்டமா. வாலிபால், பூப்பந்து, இறகுப்பந்து எல்லாத்துலயும் பந்து தரைய தொட்டா பாயின்ட் போச்சு, அதுக்குத் தரை எழுப்ப வேண்டியது மனுசனத்தான், பந்த இல்ல. அதுக்கு நல்லா உருட்டுன செம்மண்ணு தாராளம், விழுந்து எந்திரிச்சா முட்டி தேயுமே தவிர மூட்டு போகாது. கபடியும் அப்படித்தான், பந்தே கிடையாது. பேஸ்கட்பால், டென்னிஸ் ரெண்டுக்கும் கதை வேற, பந்து எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி எழும்பணும், அங்க மட்டம்தான் எல்லாம். தரைய மாத்துனா ஆட்டமே மாறிப்போகும்ங்கிறதுக்கு நம்ம ஹாக்கிய விட என்ன உதாரணம் வேணும், 1972 ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்குன டீம், 1976ல மாண்ட்ரியல்ல மொதல் மொதலா செயற்கைப் புல்லுல ஆடி 7வது எடத்துக்குப் போச்சு. புல்லு மட்டுமே காரணம்னு சொல்லல, ஆனா அதுவும் ஒரு காரணம்.

சரி, மொதல் கோர்ட். 2018ல பழைய பிளேயர்ஸ் எல்லாம் சேந்தோம், சவுதில இருக்கிறவன் துபாய்ல இருக்கிறவன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கிறவன்னு ஆளாளுக்குப் போட்டாங்க. வாட்ஸப் குரூப்ல மூணு வாரம் சண்ட, எதுக்குன்னா கலருக்கு. உள்ள நீலமா வெளிய செவப்பா, இல்ல உள்ள செவப்பு வெளிய பச்சையா. ஒருத்தன் குரூப்ப விட்டே வெளிய போயிட்டான். கலர் பெயின்ட் எல்லாம் சேத்து மொத்தம் ரெண்டு மூணு மில்லி கனம் இருக்கும், அதுக்கு இந்தப் பாடு. அடியில இருக்கிற மூணடி மண்ணைப் பத்தி ஒரு மெசேஜ் கிடையாது, நான் போட்டதும் சேத்துத்தான் சொல்றேன்.

வேலைய வீடு கட்டுற ஒரு கான்ட்ராக்டர்கிட்ட குடுத்தோம். நல்ல மனுசன், ஏமாத்தல, அவருக்கும் தெரியாது அவ்வளவுதான். "மொட்டமாடித் தளம் மாதிரிதான அண்ணாச்சி"ன்னாரு. மேல் மண்ண லேசா செதுக்கி, ஒன்றரை இஞ்ச் ஜல்லிய விரிச்சு, நாலு இஞ்ச் கான்கிரீட். மேல சிமெண்ட் பால் ஊத்தி கரணையால கண்ணாடி மாதிரி தேச்சு விட்டாங்க, எல்லாரும் கைதட்டுனோம். சரிவு கேட்டா நடுவுல மேடு நாலு பக்கமும் இறக்கம்னு மாடிக் கணக்குலயே போட்டாரு. காசு மிச்சம் பண்றோம்னு அளவையும் சுருக்குனோம், 28க்கு 15 கோர்ட்டுக்கு சுத்திலும் ஒரு மீட்டர் மட்டும் விட்டு 30க்கு 17. பத்து நாள் தண்ணி கட்டிட்டு பன்னெண்டாம் நாள் பெயின்ட் காரங்க வந்து இறங்கிட்டாங்க, திறப்பு விழாவுக்கு தேதி குறிச்சாச்சே.

ஆறு மாசத்துல ஒவ்வொண்ணா வந்துச்சு. தண்ணி தேங்குனது மொதல்ல. அப்புறம் பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்புச்சு, அப்பளம் மாதிரி, மிதிச்சா உடையும். கண்ணாடி மாதிரி தேச்ச எடத்துல அக்ரிலிக், அதான் அந்தக் கலர் பெயின்ட், பிடிக்கவே இல்ல, ஷூவ திருப்புனா தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. சித்திரைல ஓரத்துல ஒரு வெடிப்பு, ஆடில அது நடு வட்டம் வரைக்கும் வந்துருச்சு, மார்கழிக்குள்ள வெடிப்போட ஒரு பக்கம் விரல் கனம் மேல தூக்கி நிக்குது. அதுல தட்டித்தான் ஒரு பய முன்பல்ல உடைச்சுக்கிட்டான். இன்னொருத்தன் ஓடிவந்து ரிங்கு கிட்ட பந்தப் போடுற லே அப் போட்டுட்டு நிக்க எடம் இல்லாம நேரா கம்பத்துல தோள்பட்டைய மோதுனான், லைன்ல இருந்து கம்பம் ஒரு மீட்டர்கூட இல்ல. அதோட கோர்ட்ட பூட்டிட்டோம்.

கொஞ்ச நாள்ல வேற விதமா அது உபயோகமாச்சு. நல்ல சமதளமா சிமெண்ட் தரை சும்மா கிடந்தா எங்க ஊர்ல என்ன ஆகும், களம் ஆகும். மாசி பங்குனில மிளகா வத்தல், அதுக்கு முந்தி உளுந்து, சோளம். பக்கத்து வீட்டு சின்னம்மா உரிமையோட கம்பு வெச்சு காக்கா விரட்டிட்டு உக்காந்திருக்கும். நான் போனா "உங்க ஆட்டக் களத்துல வத்தல் நல்லா காயுதுய்யா"ங்கும். அப்படிப் பாத்தா அந்தக் கோர்ட்டு தோத்துப்போச்சுன்னும் சொல்ல முடியாது.

2022ல மறுபடி ஆரம்பிச்சோம். இந்தத் தடவ பொதுப்பணித்துறைல ஓவர்சியரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு மாமா கூட வந்தாரு. நாங்க டைலா அக்ரிலிக்கான்னு ஆரம்பிச்சவுடனே "மேல என்ன போடப் போறீங்கன்னு கடைசில பேசுவோம், பேஞ்ச தண்ணி எங்க போகும், அதச் சொல்லுங்க மொதல்ல"ன்னாரு. எங்க யாருக்கும் பதில் தெரியல. ஒரு மழை நாள்ல குடை பிடிச்சுக்கிட்டு வந்து அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுப் போனாரு, அதுதான் எங்க சைட் இன்ஸ்பெக்ஷன்.

அவர் விளக்குனது இதுதான். கரிசல் ஈரம் பட்டா ஊதும், காஞ்சா சுருங்கும். மேல சிலாப் போட்டு மூடிட்டா நடுவுல இருக்கிற மண்ணோட ஈரம் அப்படியே நிக்கும், ஓரத்து மண்ணு மட்டும் வெயில்ல காஞ்சு இறங்கும், மழைல குடிச்சு ஏறும். நடு ஒரு கணக்கு ஓரம் ஒரு கணக்குன்னா சிலாப் என்ன பண்ணும், வெடிக்கும். அதனால சிலாப்ப கனமா போடுறதவிட ஓரத்து மண்ணுக்கு ஈரம் ஏறி இறங்காம பாத்துக்கிறது முக்கியம். அமெரிக்காவுல இந்த மாதிரி மண்ணுக்கு போஸ்ட் டென்ஷன் சிலாப்னு கம்பி வடத்த இழுத்துக் கட்டி போடுறாங்க, எங்க பட்ஜெட்டுக்கு அது கனவு.

கரிசல மூணடி தோண்டி எடுக்கச் சொன்னாரு, எங்க காசுக்கு ரெண்டரை அடிதான் முடிஞ்சுது. அந்தப் பள்ளத்துல கிராவல் ஒரே அடியா கொட்டாம அரையடி அரையடியா போட்டு தண்ணி விட்டு ரோலர் ஓட்டுனோம். ரோலர் வாடகைதான் கண்ணக் கட்டுச்சு, "ரெண்டு லேயர சேத்து ஓட்டிரலாமே"ன்னு கேட்டவன் நான்தான், மாமா ஒரு பார்வை பாத்தாரு, அவ்வளவுதான் வாய மூடிட்டேன். பழைய சிலாப்ப உடைச்ச கட்டிய ஓர வாய்க்காலுக்கு அடில போட்டோம். சுத்திலும் சிமெண்ட் வாய்க்கால் கட்டி ஊரணிப் பக்கம் விட்டாச்சு. வடக்கு ஓரத்துல சிலாப்ப ஒட்டி ஒரு வேம்பு நின்னுச்சு, அத எடுக்க ஊரே சண்டை, கடைசில எடுக்கல, கோர்ட்ட அஞ்சு மீட்டர் தள்ளுனோம். மரம் கோடைல ஓரத்து ஈரத்த உறிஞ்சிரும், வேர் தனியா தூக்கும், இதுபோக ஆனி ஆடில வேப்பம்பழம் விழுந்து மிதிபட்டா அக்ரிலிக் மேல வழுக்கும் பாருங்க, சோப்பு போட்ட மாதிரி.

இன்னொண்ணு, பழைய கோர்ட் கிழமேக்கா இருந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேற்கு ரிங்க பாத்து ஷூட் பண்றவன் சூரியனத்தான் பாக்கணும். திருப்பி தென்வடலா போட்டோம். இதுக்கு ஒரு பைசா செலவில்ல, போடுறதுக்கு முந்தி யோசிச்சா.

இப்ப மேல என்ன போடுறதுங்கிறதுக்கு வர்றேன். ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமை எல்லாம் ஊர் ஊரா போய்ப் பாத்தோம், மதுரை, கோயம்புத்தூர், சென்னை. போன எடத்துல எல்லாம் கட்டுனவர்கிட்ட கேக்காம காலைல கோர்ட்ட கூட்டுற ஆள்கிட்ட கேட்டோம், அவருக்குத்தான் எங்க தண்ணி நிக்கும், எது உரியும்னு தெரியும்.

தார்த் தளம் போட்டு அது மேல அக்ரிலிக் பூசுன ஒரு கோர்ட் பாத்தோம், மிதிக்க நல்லா இருந்துச்சு, கான்கிரீட் அளவுக்கு கால் வலிக்கல. கரிசல் அசைவுக்கும் தார் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். ஆனா தார் விரிக்கிற பேவர் மெஷின் வெச்சு மில்லி கணக்குல மட்டம் பாத்து இந்தச் சின்ன எடத்துக்குப் போட எங்க பக்கத்து ரோடு கான்ட்ராக்டர் ஒருத்தரும் வரல, வர்றேன்னவரு ரோடு போடுற கணக்குல போடுவாரு. விட்டுட்டோம்.

டர்ஃப், அதான் செயற்கைப் புல்லு. இத எங்க பசங்க ரொம்ப கேட்டாங்க, ஏன்னா இப்ப ஊருக்கு ஊர் மணிக்கணக்கு வாடகைல பாக்ஸ் கிரிக்கெட் வந்துருச்சு. கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் சரி, பேஸ்கட்பால் அதுல எழும்பாது, அவ்வளவுதான் விஷயம். உச்சி வெயில்ல செயற்கைப் புல்லு 60 டிகிரிய தாண்டும், ஆனா டர்ஃப் நடத்துறவங்களுக்கு வருமானமே ராத்திரி லைட் போட்டுத்தான், அதனால அவங்களுக்கு அது பிரச்சனை இல்ல.

பிபி டைல், அதான் பிளாஸ்டிக் கட்டம் கட்டமா கிளிக் பண்ணி மாட்டுறது. இதுல எனக்கு பாதி ஆசை இருந்துச்சு. உலக அளவுல 3x3, அதான் பக்கத்துக்கு மூணு பேரு ஆடுற பேஸ்கட்பால் போட்டி எல்லாம் இந்த மாதிரி டைல்லதான் நடக்குது, டோக்கியோ ஒலிம்பிக்ல மொதல் தடவையா வந்துச்சே அந்த ஆட்டம், 15க்கு 11 மீட்டர் அரைக் கோர்ட். மழ விட்ட அஞ்சு நிமிசத்துல ஆடலாம், தண்ணி ஓட்டை வழியா கீழ போயிரும், ஒண்ணு உடைஞ்சா ஒண்ண மட்டும் மாத்தலாம், கரிசல் வெடிச்சாக்கூட கழட்டி வெச்சுட்டு கீழ சரி பண்ணி மறுபடி மாட்டலாம். ஆனா கீழ அதே கான்கிரீட் அதே மட்டம் வேணும், டைல் விக்கிறவங்க இத மட்டும் மெதுவா சொல்லுவாங்க. கீழ பள்ளம் இருந்தா தண்ணி டைலுக்கு அடில நின்னு கொசு வளக்கும், அந்த எடத்துல பந்து பட்டா டொக்குன்னு செத்த சத்தம் வரும். வெயிலுக்கு பிளாஸ்டிக் நீளும், 30 மீட்டர் ஒரே துண்டா நெனச்சுக்கோங்க, காலைக்கும் மத்தியானத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம்னா பத்து சென்டிமீட்டர் வரைக்கும் நீளும். நல்ல டைல்ல நடுவுல நெகிழ்ற மாதிரி இணைப்பு இருக்கும், மட்டமான டைல செவுத்துக்கு ஒட்டி இறுக்கி மாட்டுன ஒரு அபார்ட்மெண்ட்ல மத்தியானம் நடு கோர்ட் பாம்பு படம் எடுத்த மாதிரி தூக்கி நின்னத நானே பாத்தேன். பந்து சத்தமும் ஜாஸ்தி, மாடி வீட்டுக்காரங்க திட்டுவாங்க. எங்களுக்கு வந்த கொட்டேஷன்ல டைல், அக்ரிலிக்க விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அங்கயே ஆசை அடங்கிருச்சு.

கடைசில அக்ரிலிக். இதுலயும் அஞ்சு லேயர், எட்டு லேயர்னு சொல்லுவாங்க. அஞ்சு லேயர்ல பிடிமானத்துக்கு பிரைமர், தரைய நிரவ சிலிக்கா மணல் கலந்த ரீசர்ஃபேசர், அதுக்கு மேல கலர். எட்டு லேயர்ல நடுவுல ரப்பர் துகள் கலந்த குஷன் வரும். குஷன்னா மெத்தை மாதிரி இருக்கும்னு நெனச்சுராதீங்க, மொத்தமே மூணு நாலு மில்லி, கால்ல வித்தியாசம் கொஞ்சம் தெரியும், மூட்டு வலிய எல்லாம் அது தீக்காது. வெயில் ஊருக்கு குஷன் எடுக்கிறவங்க ஒரு விஷயம் யோசிக்கணும், ஆஸ்திரேலியன் ஓபன் டென்னிஸ்ல 1988ல இருந்து 2007 வரைக்கும் இருந்த ரீபவுண்ட் ஏஸ்ங்கிற ரப்பர் குஷன் தரை, வெயிலடிச்சா ஷூவ பிடிச்சு இழுக்குது, கணுக்கால் திரும்புதுன்னு பிளேயர்ஸ் புலம்பி 2008ல மாத்துனாங்க. இப்ப இருக்கிற மெட்டீரியல் அதுவே இல்ல, இருந்தாலும் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷூ போட்டுப் போய் திரும்பிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஏசி ரூம்ல சாம்பிள் துண்ட தடவிப் பாத்து முடிவு பண்ணாதீங்க. நாங்க அஞ்சு லேயர்தான், குஷனுக்கு ஆகுற காச மண்ணுக்குள்ள போட்டுட்டோம்.

கான்கிரீட்டுக்கு அளவ இந்தத் தடவ சுருக்கல, 32க்கு 19, சுத்திலும் 2 மீட்டர். கம்பம் எண்ட் லைனுக்கு 2 மீட்டர் வெளிய, ரிங் மாட்டுற பேக்போர்ட் 1.2 மீட்டர் உள்ள, ஆக கம்பத்தோட கை மட்டும் 3.2 மீட்டர் நீட்டம், அதுக்குத் தனி அஸ்திவாரம், சிலாப்போட ஒட்டக் கூடாது. கிராவல் மேல கனமான பாலித்தீன் ஷீட், அதுதான் கீழ இருந்து ஈரம் ஏறி கொப்புளம் போடாம காப்பாத்துறது. அஞ்சு இஞ்ச் கனம், 8 மில்லி கம்பி வலை. நாலு பக்கச் சரிவு வேண்டாம், ஒரே தளமா மேற்குல இருந்து கிழக்க, நூத்துக்கு ஒண்ணு. 19 மீட்டருக்கு 19 சென்டிமீட்டர் இறக்கம், முக்கா அடிய விட கொஞ்சம் கம்மி. கேட்டா பெருசா தெரியும், நின்னு பாத்தா கண்ணுக்கே தெரியாது, ஆடுறவனுக்கும் தெரியாது, தண்ணிக்கு மட்டும் தெரியும். நீளவாக்குல சரிவு குடுக்காம குறுக்கால குடுத்தா ரெண்டு டீமுக்கும் ஒரே கணக்கு.

ஒரே நாள்ல ஊத்தல. 3.8 மீட்டர் அகலத்துல அஞ்சு பட்டையா பிரிச்சு, ஒண்ணு மூணு அஞ்சு மொதல்ல, அது இறுகுனப்புறம் ரெண்டு நாலு. இரும்புச் சேனல, உயரம் காட்டுற டம்பி வெச்சு லெவல் பாத்து நட்டா ஒரு பட்டைக்கு 3.8 சென்டிமீட்டர் இறக்கம், கொத்தனாருக்கும் புரியும் எனக்கும் புரிஞ்சுது. மொத்தம் 76 கனமீட்டர், ரெடிமிக்ஸ் லாரி 13 வண்டி. மேல கரணை தேய்க்கவே விடல, தென்னந்தொடப்பத்த வெச்சு ஒரே திசைல கோடு இழுத்தோம், மேஸ்திரி ரொம்ப வருத்தப்பட்டாரு, "வேலை தெரியாதவன் போட்ட மாதிரி இருக்கும் சார், என் பேரு கெட்ரும்"னாரு. மறுநாளே மெஷின் வெச்சு குறுக்கால 4 மீட்டருக்கு ஒண்ணா மூணு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி 40 கட்டமாக்கியாச்சு. கான்கிரீட் எப்படியும் வெடிக்கும், எங்க வெடிக்கணும்னு நாம சொல்லிர்றோம், அதுக்குத்தான் வெட்டு. அந்த வெட்டு மேல பெயின்ட் பூசுனாலும் கொஞ்ச நாள்ல மெல்லிசா கோடு தெரியும், தெரியவே தெரியாதுன்னு எவனாவது சொன்னா அவன நம்பாதீங்க.

கியூரிங்குக்கு, அதான் கான்கிரீட் இறுகுற வரைக்கும் ஈரமா வெச்சிருக்கிறதுக்கு, ஈரச்சாக்கு 14 நாள். டிரம்முல வர்ற கியூரிங் காம்பவுண்ட் அடிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அடிச்சா அக்ரிலிக் பிடிக்காது, வேண்டாம்னுட்டோம். 28 நாளாவது காயணும்ங்கிறது பொது விதி, நாங்க 45 நாள் விட்டோம், இந்தத் தடவ திறப்பு விழாவுக்குத் தேதியே குறிக்கல. 45 செ.மீ. சதுரத்துல பாலித்தீன் துண்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 16 மணி நேரம் கழிச்சுப் பிரிச்சுப் பாருங்க, அடில வேர்த்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ இன்னும் ஈரம் போகலன்னு அர்த்தம், பெயின்ட் காரங்கள திருப்பி அனுப்புங்க. பத்து எடத்துல ஒட்டுனோம், ரெண்டு எடத்துல வேர்த்துச்சு, இன்னும் ஒரு வாரம் விட்டோம்.

அப்புறம் காசு டெஸ்ட். லாரித் தண்ணி விட்டு முழுக்க நனைச்சுட்டு வெயில்ல ஒரு மணி நேரம் விட்டுட்டுப் போய்ப் பாத்தா எங்கெல்லாம் தேங்கி நிக்குதோ அங்க ஒரு ரூபா காச போடணும், காசு முழுகுனா அந்த எடத்த நிரவணும். ஒன்றரை மில்லி கிட்ட வரும் காசோட கனம், அமெரிக்காவுல கோர்ட் கட்டுறவங்க அவங்க ஊர் காச வெச்சு இதத்தான் செய்றாங்க. கூடவே 3 மீட்டர் அலுமினியப் பட்டைய தரையில வெச்சு அடில 3 மில்லிக்கு மேல சந்து இருக்கான்னு பாக்கணும். மொத்தம் ஏழு எடம் கெடச்சுது, சாக்பீஸ்ல வட்டம் போட்டு நிரவுனாங்க. இத பெயின்டுக்கு முந்தி செய்யணும், கடைசிப் பணம் குடுக்கிறதுக்கும் முந்தி செய்யணும்.

பெயின்ட் பங்குனில, காலைல அஞ்சரைல இருந்து ஒன்பதரைக்குள்ள. அதுக்கப்புறம் தரை சூடேறிட்டா ஊத்துனவுடனே காஞ்சு திட்டுத் திட்டா கோடு நிக்கும். ரோலர்ல அடிக்கிற வேலை இல்ல இது, ஊத்தி ரப்பர் பட்டைல இழுக்கிறது. மறுபடி கலர் சண்ட வந்துச்சு. பழைய கருநீல சில்லு ஒண்ணையும் புது இளம்பச்சை சாம்பிளையும் மத்தியானம் மூணு மணிக்கு வெயில்ல வெச்சு, குரூப்ல சத்தம் போட்டவன எல்லாம் செருப்பக் கழட்டிட்டு ஏறி நிக்கச் சொன்னோம். கருநீலத்துல பத்து எண்ணுறதுக்குள்ள எல்லாரும் குதிச்சிட்டாங்க. இளம்பச்சைதான். அதுவும் சித்திரைல நாலரை மணி வரைக்கும் சுடத்தான் செய்யும், ஷூ இல்லாத பசங்க அஞ்சரைக்கு மேலதான் வருவாங்க, பழைய ஷூ சேத்து ஒரு சாக்குல போட்டு வெச்சிருக்கோம்.

மூணு மழைக்காலம் பாத்துருச்சு இப்ப. வடகிழக்கு மூலைல ஒரு எடத்துல இன்னும் காசு முழுகுற அளவுக்குத் தண்ணி நிக்குது, தொடப்பத்தால தள்ளிட்டு ஆடுறோம். மயிரிழை மாதிரி ரெண்டு வெடிப்பு இருக்கு, தூக்கல. பெரிய தொந்தரவு மண்ணுதான், ஆடிக் காத்துல கரிசத் தூசி படிஞ்சா வழுக்கும், வாரம் ஒருக்கா தண்ணி அடிச்சு மெது பிரஷ் போடுறோம், கம்பி பிரஷ் வெச்சா டெக்ஸ்சர் போயிரும். பைக் உள்ள வரக் கூடாதுன்னு வாசல்ல குறுக்க பைப் நட்டாச்சு, சைடு ஸ்டாண்டு வெயில்ல அக்ரிலிக்க அழுத்திக் குழி போடும். ஒரு கல்யாண வீட்டுல பந்தல் போட கேட்டாங்க, சொந்தக்காரங்கதான், கடப்பாறையும் கையுமா ஆள் வந்து நின்னுட்டான், ரெண்டு நாள் மொகம் குடுத்துப் பேசல அவங்க. அதுக்கெல்லாம் தயாரா இருக்கணும்.

வாலிபாலுக்கும் சேத்து இதே கோர்ட்டுல கோடு போட்டுரலாம்னு பாதிப் பேரு சொன்னாங்க, நல்ல வேளை நான் சம்மதிக்கல. பக்கத்துல செம்மண் களத்தையே உருட்டி வெச்சிருக்கோம், டைவ் அடிக்கிற ஆட்டத்த சிலிக்கா மணல் தரைல ஆடுனா தோல் மிஞ்சாது. நாப்பத்தஞ்சு வயசு மூட்ட வெச்சுக்கிட்டு நானும் இப்ப அங்கதான், பேஸ்கட்பால் ஞாயித்துக்கிழமை மட்டும்.

பழைய சிலாப்புல ஒரு ஓரத்துல ஒரு துண்ட உடைக்காம விட்டுட்டோம், 17 மீட்டர் நீளம் நாலு மீட்டர் அகலம். சின்னம்மா வந்து கேட்டதுதான் காரணம், "அம்புட்டையும் உடைச்சுப் போட்டா நான் வத்தல எங்கய்யா காயப் போடுவேன்"னுச்சு. மாசி பொறந்தா அந்த எடம் முழுக்க செவப்பாயிரும், கருநீலம் உரிஞ்ச எடம் எல்லாம் மறைஞ்சிரும். சில நேரம் பந்து உருண்டு அதுக்குள்ள போயிரும், எடுத்துட்டு வர்ற பய அப்படியே கண்ணக் கசக்கிட்டு குழாயடிக்கு ஓடுவான். புதுசா சேர்ற பசங்களுக்கு ரூல் சொல்லும்போது டிராவலிங், டபுள் டிரிப்பிளுக்கு முந்தி இதத்தான் சொல்லிக் குடுக்கிறோம், வத்தல்ல விழுந்த பந்த கால்ல தட்டிக் கொண்டு வா, கையில எடுக்காத.